மருதாணி ஆரஞ்சா நிக்குது, அவுரி பச்சையா திரியுது: நரைக்கு எது சரியான பதம்?

கொள்ளிடக்கரை (கேள்வி)

சீர்காழி பக்கம். ஐம்பதை நெருங்குற வயசு. முன் நெற்றியும் காதோரமும் நல்லா நரைச்சாச்சு, பின்பக்கம் பாதிக்கு மேல கறுப்பு. முடி தோளுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். கடை டை போட்டா காது மடல் தடிச்சு அரிக்குது, அதனால மருதாணி, அவுரிக்கு (நீலச் சாயம் தர்ற இலை) மாறியாச்சு.

செய்யுற விதம் இது: மருதாணித் தூள் 100 கிராம், டீ டிகாக்‌ஷன், ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் காப்பித்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், எல்லாம் இரும்புச் சட்டியில ராத்திரி முழுக்க ஊறும். காலையில தடவி ஒரு மணி நேரம், அப்புறம் ஷாம்பு. மறுநாள் அவுரித் தூளைத் தயிர்ல ஊறவச்சு ஒரு மணி நேரம். பலன், நெற்றியில ஆரஞ்சு, காதோரம் பாசி பிடிச்ச மாதிரி பச்சை, பின்னால மட்டும் கறுப்பு. ரெண்டு வாரத்துல எல்லாம் வெளுக்குது.

கூடவே ரெண்டு சந்தேகம். போர் தண்ணியில குளிச்சா முடி சொரசொரன்னு நிக்குது, அதுக்கு என்ன வழி? கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினா ஒரு மாசத்துல சிக்கு வாடை வருது, ஏன்? வகிடும் முன்னைவிட அகலமாத் தெரியுது. அதுவும் இதோட சேர்ந்ததா, வேறயான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

குடமுருட்டி

அக்கா, முட்டை, காப்பித்தூள், எண்ணெய் மூணையும் முதல்ல வெளியே எடுங்க. மருதாணி இலையில இருக்குற சாயத்துக்குப் பேர் லாசோன். அது முடியோட புரதத்துல போய் ஒட்டும். முட்டையிலயும் புரதம்தானே, சாயத்துல கொஞ்சம் அதுலயே பிடிச்சுக்கிட்டு அலசும்போது ஓடிடும். எண்ணெய் முடிமேல படலமா நின்னு சாயத்தை உள்ள விடாது. காப்பித்தூள் முடியில நிக்காது, வாசனைக்கு மட்டும்தான் ஆகும். இரும்புச் சட்டியில கலவை கறுத்துப்போறதைப் பார்த்து "நல்லா இறங்கியிருக்கு"ன்னு நினைப்போம். இரும்பும் டீயில இருக்குற துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு அது, பெரும்பாலும் தண்ணியில போயிடும். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எதுவானாலும் சரி.

தோளுக்குக் கீழ வரை முடின்னா 100 கிராம் மருதாணித் தூள், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிச்சத்துக்கு வெதுவெதுப்பான தண்ணி. மொத்தம் 300 மில்லி சுமாருக்கு வரும். ஒரேயடியா ஊத்தாதீங்க, தூளுக்குத் தூள் குடிக்கிற அளவு மாறும். இட்லி மாவுப் பதம், கரண்டியில எடுத்தா சொட்டாம நிக்கணும். தலைச்சருமம் வறண்டு அரிக்கும்னா எலுமிச்சையைக் குறைச்சு, 10 கிராம் நெல்லிக்காய்த் தூள் போடுங்க. புளிப்பு அதுலயே கிடைக்கும், ஆரஞ்சும் கொஞ்சம் அடங்கும்.

மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டினாப்புல மூடி வைங்க. எவ்வளவு நேரம்னு கடிகாரம் சொல்லாது, வெயில்தான் சொல்லும். சித்திரை, வைகாசியில நம்ம ஊர் சூட்டுக்கு 3, 4 மணி நேரத்துல சாயம் இறங்கிடும். மார்கழியில 8 மணி நேரமும் ஆகும். கோடையில ராத்திரி முழுக்க வெளியே வச்சா, காலையில சாயம் காத்துப்பட்டு சத்து இழந்துடும். உங்களுக்கு வெளுக்குறதுல பாதி காரணம் இங்கதான். ஒரு பொட்டு உள்ளங்கையில வச்சு 5 நிமிஷம் கழிச்சுத் துடைங்க. ஆரஞ்சு தெளிவா பிடிச்சிருந்தா உடனே தலைக்கு.

தலைக்குப் போடுறதுக்கு முந்தின ரெண்டு நாள் எண்ணெய் வேண்டாம். சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசி, கண்டிஷனர் போடாம, ஈரம் துவட்டின முடியில தடவணும். நெற்றியும் காதோரமும்தான் முதல்ல, கனமா. அங்க நரைமுடி முரட்டு முடி, கூடவே வேர்வையும் பிசுக்கும். பின்னந்தலையிலிருந்து ஆரம்பிச்சு கடைசியில இங்க வர்றப்ப கலவையும் காஞ்சிருக்கும், கையும் அலுத்திருக்கும். எல்லாருக்கும் காதோரம் ஏமாத்துறது இப்படித்தான். தலையை பிளாஸ்டிக் உறையால மூடுங்க, காஞ்சா சாயம் பிடிக்கிறது நின்னுபோகும். 2லிருந்து 3 மணி நேரம். ஒரு மணி நேரம் நரைக்குப் பத்தாது.

அலசுறது வெறும் தண்ணியில மட்டும், ஷாம்பு வேண்டாம். வாளியில தலையைக் கவுத்து விரலால கோதிவிட்டா தூள் சீக்கிரம் இறங்கும்.

அவுரி அன்னிக்கே போடலாம், மறுநாளும் போடலாம். அதோட குணம் மருதாணிக்கு நேர் எதிர். புளிப்பு ஆகவே ஆகாது. தயிர்ல ஊறவச்சீங்க பாருங்க, அங்கேயே போச்சு. அவுரி இலையில நீலம் நீலமா இருக்காது. ஈரமும் வெதுவெதுப்பும் பட்டதும் இலைக்குள்ளயே இருக்குற நொதி ஒரு பொருளை உடைச்சுவிடும், அது காத்துல நீலமா மாறும். அந்த மாற்றம் முடிக்குள்ள நடக்கணும், கிண்ணத்துல நடந்து முடிஞ்சா வீண். அதனால 100 கிராம் அவுரித் தூள், வெதுவெதுப்பான வெறும் தண்ணி, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணி ஊத்தினா நொதி செத்துப்போகும். 10, 15 நிமிஷம் வச்சு, மேல லேசா நீலம் படர்றப்ப தடவ ஆரம்பிங்க. அரை மணிக்குள்ள தலை முழுக்கப் போட்டு முடிக்கணும். கூட ஒரு ஆள் இருந்தா நல்லது. மூடி 1லிருந்து 2 மணி நேரம், அப்புறம் வெறும் தண்ணி.

அலசினதும் பச்சையா தெரியும், பதறாதீங்க. ஒரு நாள், ரெண்டு நாள்ல காத்துப்பட்டு கறுக்கும். அதுவரை ஷாம்பு, சீயக்காய், எண்ணெய் எதுவும் கூடாது.

இப்ப காதோரம் நிக்கிற பச்சைக்கு: அந்த இடத்துல மருதாணி பிடிக்காம வெறும் வெள்ளை முடிமேல அவுரி பட்டிருக்கு. அங்க மட்டும் 30 கிராம் கலந்து மருதாணி 2 மணி நேரம், அப்புறம் புதுசா கலந்த அவுரி ஒரு மணி நேரம். சரியாயிடும்.

கறுப்பே வேண்டாம், பழுப்பு போதும்னா ரெண்டையும் தனித்தனியா தயார் பண்ணி, தடவுற நேரத்துல சரிபாதியா கலந்து ஒரே தடவையா போட்டுடலாம். வேலை பாதி. ஆனா நரை முக்கால்வாசிக்கு மேல இருக்குற தலைக்கு, மருதாணி முதல்ல, அவுரி அடுத்துன்னு தனித்தனியா போட்டாத்தான் நிக்கும்.

---

அரசலாற்றங்கரை

இவ்வளவு பாடு எதுக்கு? இப்ப அம்மோனியா இல்லாத டை வந்துடுச்சே. அரை மணியில வேலை முடியும். காது தடிச்சது பழைய டையோட அம்மோனியாவா இருக்கும்.

---

நாட்டுமருந்து

அரசலாற்றங்கரை, அந்த அறிவுரையை அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். காது மடல் தடித்து அரிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அம்மோனியா அல்ல, பாரா பினைலீன் டையமின் என்ற பொருள். சுருக்கமாக பி.பி.டி. அம்மோனியாவின் வேலை முடியின் மேல்தோலைத் திறந்துவிடுவது. அதற்குப் பதிலாக வேறு காரப்பொருள் சேர்த்து "அம்மோனியா இல்லை" என்று அட்டையில் போடுகிறார்கள். கறுப்பைக் கொடுக்கும் பி.பி.டி.யோ அதே வகையைச் சேர்ந்த வேறு பொருளோ உள்ளே அப்படியேதான் இருக்கும். ஒருமுறை இந்தப் பொருளுக்கு உடம்பு ஒவ்வாமை பழகிவிட்டால் பொதுவாக அது ஆயுளுக்கும் போகாது, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாக வரலாம். இன்று காது, அடுத்து இமை வீங்கிக் கண் திறக்க முடியாத நிலை. தாடி, மீசைக்கு டை போடும் ஆண்களுக்கும் இதே எச்சரிக்கை.

அடுத்த அபாயம் மருதாணி என்ற பெயரிலேயே வருகிறது. "கறுப்பு மருதாணி", "பழுப்பு மருதாணி" என்று பொட்டலத்தில் விற்பதில் பல, மருதாணித் தூளோடு பி.பி.டி.யும் அதை வேலை செய்ய வைக்கும் பொருளும் கலந்தவை. சுத்தமான மருதாணி கறுப்பு தராது, 20 நிமிடத்தில் முடிக்கு அடர்ந்த நிறமும் தராது. தண்ணீரில் குழைத்து உடனே தடவி அரை மணியில் கறுத்தால் அது டை. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். லாசோனியா இனர்மிஸ் என்ற ஒரே பெயர் இருந்தால் மருதாணி. அவுரிக்கு இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. வேறு வேதிப்பெயர்கள் வரிசையாக நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை மருதாணித் தூளைத் தூவுங்கள். உடனே பளிச்சென்று பச்சைச் சாயம் பரவினால் நிறம் ஏற்றிய தூள். நல்ல தூள் மெதுவாகப் பழுப்பு-ஆரஞ்சு விடும். ஒரு ஸ்பூனைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால் மணல் அடியில் தனியாகப் படியும். அவுரிக்கு, ஒரு ஸ்பூன் தூளை வெள்ளைத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து வையுங்கள். கால் மணிக்குள் மேலே நீலம் ஏறவில்லை என்றால் பழைய சரக்கு, தலையில் போட்டும் பயனில்லை. நல்ல அவுரித் தூள் பச்சைப்பட்டாணி வாடை அடிக்கும். திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. வெயிலில் கருகக் காய்ந்த சரக்கைவிட இலை பச்சை மாறாமல் காய்ந்த சரக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு தூளுக்கும் எதிரி ஈரம், வெளிச்சம், சூடு. காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வைக்கலாம். கலந்த மருதாணி மீந்தால் பிரீசரில் வைத்து அடுத்த முறை எடுக்கலாம். கலந்த அவுரியை வைக்க முடியாது, மீந்ததைச் செடிக்கு ஊற்றுங்கள்.

வேலியில் மருதாணி வைத்திருப்பவர்கள் இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயமாக எடுக்க வேண்டும். மிக்சியில் அரைத்த கொரகொரப்போடு போட்டால் நிறமும் சீராகப் பிடிக்காது, அலசவும் மாளாது.

எதுவாக இருந்தாலும், ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர் என்பதால், கலவையில் ஒரு பொட்டு முழங்கை மடிப்பின் உள்பக்கமோ காதுக்குப் பின்னாலோ தடவி, நிறம் பிடிக்கும் நேரம்வரை வைத்துக் கழுவி, 48 மணி நேரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் தலைக்கு.

---

வேதாரண்யத்து உப்பு

தண்ணி விஷயம் நம்ம கடலோரத்துக்காரங்களுக்குத்தான் அத்துப்படி. போர் தண்ணின்னு ஒரே பேர்ல சொல்றோம், அதுல மூணு தொந்தரவு தனித்தனியா இருக்கு. ஒண்ணு கடினம், அதாவது சுண்ணாம்புச் சத்து. ரெண்டாவது உவர்ப்பு. மூணாவது இரும்பு.

கடினம்னா சோப்பு நுரைக்காது, பாத்திரத்துல வெள்ளைப் படலம் கட்டும். காய்ச்சினா ஒரு பகுதி அடியில வெள்ளையா படிஞ்சு இறங்கும், தெளிவை இறுத்துக் குளிக்கலாம். இறங்காத கடினமும் உண்டு. உவர்ப்புக்குக் காய்ச்சுறது எதிர் பலன், தண்ணி சுண்டச் சுண்ட உப்புதான் ஏறும். ஆர்.ஓ. மெஷின்ல வெளியேறுற கழிவுத் தண்ணியில தலை குளிக்கிறவங்களைப் பார்க்குறேன். வாளியில பிடிச்சா வீணாகாதுன்னு நினைப்பு. அது போர் தண்ணியைவிட உப்பு, வாசல் கழுவத்தான் ஆகும்.

இரும்பு இருக்கான்னு பார்க்கணும்னா, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷன் நாலு ஸ்பூன் ஊத்துங்க. இரும்பு நிறைய இருந்தா மை மாதிரி கறுக்கும். பக்கத்துல மழைத்தண்ணி டம்ளர் ஒண்ணு வச்சு ஒப்பிட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தண்ணி மருதாணி நிறத்தையும் கறுக்கடிக்கும். சிலருக்கு அது லாபம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறம் வரும்.

முழுக் குளியலுக்கு நல்ல தண்ணி தேட முடியாது. மருதாணி, அவுரி கலக்க அரை லிட்டர், கடைசியா தலைக்கு ஊத்த மூணு லிட்டர், இவ்வளவு மட்டும் குழாயில வர்ற ஆத்துத் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்து வைங்க. ஐப்பசி, கார்த்திகையில முதல் ரெண்டு மழையை விட்டுட்டு, மாடியைக் கூட்டிப் பிடிச்சா குடம் குடமா கிடைக்கும்.

சோப்புக்கட்டி தலைக்கு வேண்டவே வேண்டாம். கடினத் தண்ணியில சோப்பு சுண்ணாம்போட சேர்ந்து முடிமேல பிசின் மாதிரி உக்காரும், உங்க சொரசொரப்பு அதுதான். சீயக்காய்க்கு அந்தக் குறை இல்லை. அரைக்கக் கொடுக்கும்போது 1 கிலோ சீயக்காய்க்கு பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், காஞ்ச எலுமிச்சைத் தோல் ரெண்டு கைப்பிடி, காஞ்ச செம்பருத்தி இலை கிடைச்ச அளவு. எல்லாத்தையும் நல்லா வெயில்ல மொறுமொறுன்னு காயவச்சு மில்லுக்குக் கொண்டுபோங்க, ஈரம் இருந்தா மில்லுக்காரர் திட்டுவார், மாவுல வண்டும் வரும். குளிக்க ரெண்டு ஸ்பூனை அரிசி வடிச்ச கஞ்சியில குழைச்சுக்கலாம்.

ஷாம்புதான் பழக்கம்னா கடைசியில 1 லிட்டர் நல்ல தண்ணியில ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்து ஊத்துங்க, படலம் விடும். அவுரி போட்ட ரெண்டு நாளைக்கு மட்டும் இது வேண்டாம்.

---

வெண்ணாறு

எண்ணெய் சிக்கு வாடைக்கு முக்கியக் காரணம் தண்ணீர். சாற்றின் ஈரம் முழுக்க வற்றாமல் இறக்கியிருப்பீர்கள், அல்லது மூடி வைத்து ஆறவிட்டதில் மூடியில் கோத்த நீர் திரும்ப உள்ளே சொட்டியிருக்கும். ஈரம் இருந்தால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு உடைந்து சோப்பு வாடை வரும், பூஞ்சையும் பிடிக்கும்.

அளவு: தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், கரிசலாங்கண்ணிச் சாறு அரை லிட்டர். கீரையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துணியில் பரப்பிவிட்டு இடித்துப் பிழிய வேண்டும். விரும்பினால் நெல்லிக்காய்ச் சாறு 100 மில்லி, வெந்தயம் ஒரு ஸ்பூன். பத்து மூலிகை, இருபது மூலிகை என்று கொட்டுவதில் பயன் ஒன்றும் கூடாது, வற்ற வைக்கும் நேரம்தான் கூடும். அடிகனமான அகலப் பாத்திரம், எண்ணெய் பாதிக்கு மேல் வரக் கூடாது, ஏனென்றால் சாறு ஊற்றியதும் பொங்கும்.

சிறு தீ. தண்ணீர் உள்ளவரை எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டாது, சடசடவென்று பொரிந்துகொண்டே இருக்கும். சத்தம் அடங்கும் நேரம்தான் முக்கியம். அதன் பிறகு சூடு மளமளவென ஏறும், இரண்டு நிமிடம் கவனிக்காவிட்டால் கசடு கருகி எண்ணெய் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறிவிடும். சத்தம் குறையத் தொடங்கியதும் அடுப்பை விட்டு நகராதீர்கள், கரண்டியால் அடியை வழித்துக்கொண்டே இருங்கள். அடியில் உள்ள கசடை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். அதில் கொஞ்சம் திரியாக உருட்டி நெருப்பில் காட்டுங்கள், படபடவென்று வெடித்தால் ஈரம் பாக்கி. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். மணல் மாதிரி உதிர்ந்தால் பதம் தாண்டிவிட்டது.

திறந்தே ஆறட்டும், மேலே மெல்லிய துணி போதும். இளஞ்சூட்டில் வடிகட்டி, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். பச்சை இலையையோ பூவையோ புட்டிக்குள் போட்டு வைப்பது அழகுக்குத்தான், வாடை அங்கிருந்துதான் தொடங்கும். அன்றாடம் எடுக்கச் சின்னப் புட்டி தனி.

கரிசலாங்கண்ணி நம் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வருவது. ஆனால் நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்த வயல் ஓரத்தில் பறிக்காதீர்கள். அந்த மருந்து குறிவைப்பதே இதைப் போன்ற களைகளைத்தான். அடையாளம்: வெள்ளைப் பூ, சொரசொரப்பான இலை, தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சிறிது நேரத்தில் கறுக்கும். ஒரு கணுவோடு ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர் விடும். அகலமான தொட்டி, வண்டல் மண், தொழுவுரம், தினம் தண்ணீர் இருந்தால் மாடியிலேயே போதுமான அளவு பறிக்கலாம். வேலை ஓய்ந்த வயதுக்கு ஏற்ற செடி, கோபித்துக்கொள்ளாது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நரைத்த முடியை எந்த எண்ணெயும் கறுப்பாக்காது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் வந்தது. ஆய்வு செய்தவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகத்தார், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முடி உடைவது குறையும், வழவழப்பு இருக்கும், அந்த அளவுக்கு நம்பலாம். குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் தடவினால் போதும். பொடுகு உள்ள தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவிட்டால் பொடுகுக்குத்தான் விருந்து.

---

கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் நன்றி. அவுரியைத் தயிர்ல ஊறவைக்கச் சொல்லித்தான் எங்க பார்த்தாலும் போட்டிருக்காங்க! சைனஸ் உள்ளவங்க மருதாணியை மூணு மணி நேரம் தலையில வச்சா குளிர் ஏறாதா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடணும்? வகிடு விஷயம் யாரும் சொல்லலையே.

---

குடமுருட்டி

கலவையை வெதுவெதுப்பா இருக்கும்போதே தடவுங்க, கிண்ணத்தை வெந்நீர் பாத்திரத்துல வச்சுக்கிட்டா போதும். பிளாஸ்டிக் உறைக்கு மேல பழைய துண்டைச் சுத்தினா உடம்புச் சூடு உள்ளயே நிக்கும். சாயத்துக்கும் அந்தச் சூடு நல்லது. காலை பத்து மணிக்கு மேல வெயில் உள்ள நாளாப் பார்த்துப் போடுங்க, சாயங்காலம் வேண்டாம். மழை விடாம பெய்யுற கார்த்திகையில தள்ளிப் போடுறதே உத்தமம்.

முடி மாசத்துக்கு ஒரு செ.மீ. சுமார் வளரும். 4லிருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை வேர்ப்பகுதிக்கு மட்டும் 40, 50 கிராம் போதும். ஒவ்வொரு தடவையும் நுனி வரை இழுத்தா அங்க சாயம் அடுக்கு அடுக்கா ஏறி கன்னங்கரேல்னு ஆகும், வேர் வேற நிறம், நுனி வேற நிறமாத் தெரியும். முதல் தடவை நிக்காத இடத்துல ரெண்டாம் தடவை நல்லா நிக்கும், அதனால முதல் முறையைப் பார்த்தே விட்டுடாதீங்க.

---

வெட்டாறு

வகிடு அகலம் பற்றி. மாதவிலக்கு நிற்கும் வயதையொட்டி உச்சியில் முடி மெலிவது பரவலாக உள்ளது, முன்வகிட்டிலிருந்து அகலமாகிக்கொண்டே போகும். அதோடு சேர்ந்து கொத்தாக உதிர்ந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ இருந்ததா என்று பாருங்கள், அந்த உதிர்வு தாமதமாகத்தான் தெரியும், தானாகவே அடங்கும். நாளைக்கு 50லிருந்து 100 முடி விழுவது இயல்பு. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், வகிட்டை மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சைவம் என்றால் பி12 ஆகியவற்றையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்குப் போகும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். சில ஆய்வக முறைகளில் பயோட்டின் பரிசோதனை அளவைத் தப்பாகக் காட்டவைக்கும், பொதுவாக இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சாப்பாட்டில், முருங்கைக்கீரை சாப்பிட்டுவிட்டு உடனே காப்பி குடித்தால் கீரையின் இரும்புச்சத்தில் பெரும்பகுதி உடம்பில் சேராது. டிகிரி காப்பியை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கீரைப் பொரியலில் இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வழுக்கைக்கு மருந்தாக இல்லாவிட்டாலும் தினச் சோற்றுக்கு ஆகிற பொடி ஒன்று: கறிவேப்பிலை உருவியது நாலு கைப்பிடி, தோலோடு கறுப்பு உளுந்து அரை கப், கறுப்பு எள் கால் கப், மிளகாய் 6, மிளகு ஒரு ஸ்பூன், கோலி அளவு புளி, பெருங்காயம், உப்பு. இலையைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி, எண்ணெயில்லாமல் நொறுங்கும்வரை வறுக்கணும். ஈரம் இருந்தால் பொடி கட்டி தட்டும். எள்ளைத் தனியாக வறுத்துப் பொரிந்ததும் எடுத்துவிடுங்கள், கடைசியில் ஒரே சுற்று சுற்றினால் போதும், அதிகம் அரைத்தால் எண்ணெய் கக்கும். உளுந்து, மிளகாய், புளி முதலில், இலை அடுத்து. சூடான சோறு, நல்லெண்ணெய்.

வகிடு ஓரிடத்தில் வட்டமாக, தோல் வழவழவென்று தெரிந்தாலோ, சிவந்து செதில் உரிந்தாலோ மருதாணியெல்லாம் போடாமல் தோல் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

---

வேதாரண்யத்து உப்பு

ஒண்ணு விட்டுப்போச்சு. நெற்றி ஓரத்துலயும் காது மடல்லயும் முதல்ல தேங்காய் எண்ணெயோ வாசலினோ விரலால ஒரு கோடு இழுத்துடுங்க, முடிமேல படாம. இல்லைன்னா அவுரி நீலம் தோல்ல ரெண்டு நாள் நிக்கும். கைக்கு உறை. அவுரி போட்ட ராத்திரி தலையணைக்குப் பழைய துணி.